சாப்பிட்டது உடம்பில் ஒட்டாதது ஏன்? - குழந்தைகளின் குடலில் விடை தேடிய விஞ்ஞானி ஜெஃப்ரி கோர்டன்!

"நல்லாத்தான் சாப்பிடுறான். ஆனா, உடம்புல ஒட்டவே மாட்டேங்குது!" - சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பல குழந்தைகளுக்கு இது வெறும் அம்மா, பாட்டிகளின் கவலையாகவே முடிந்துவிடும். ஆனால், ஏழை நாடுகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கு, இது பல ஆண்டுகளாக விடை தெரியாத கேள்வியாக இருந்தது.

எலும்பும் தோலுமாக வரும் குழந்தையை மருத்துவமனையில் சேர்ப்பார்கள். கலோரி, புரதம், வைட்டமின் எல்லாம் அளந்து சேர்த்த சிகிச்சை உணவைக் கொடுப்பார்கள். எடை ஏறும். உயிருக்கு ஆபத்து நீங்கும். குழந்தை வீடு திரும்பும். ஆனாலும், பல குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தை எட்டுவதில்லை. மூளை வளர்ச்சியும் பின்தங்குகிறது. சில மாதங்களிலேயே மறுபடி மெலிந்துபோகும் குழந்தைகளும் உண்டு. எல்லாச் சத்தும் கொடுத்தாயிற்று. பிறகு எது குறைகிறது?

இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு முக்கியப் பகுதியைக் கண்டுபிடித்தவர், அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி கோர்டன். 'பட்டினி கிடப்பது குழந்தை மட்டுமல்ல, குழந்தையின் குடலில் வாழும் பாக்டீரியாக்களும்தான்' என்பது அவருடைய பல ஆண்டுக் கால ஆராய்ச்சி சொல்லும் சேதி. அந்த பாக்டீரியாக்களையும் மனதில் வைத்து அவருடைய குழுவும் பங்களாதேஷ் மருத்துவர்களும் சேர்ந்து ஓர் உணவை உருவாக்கினார்கள். அதில் இருப்பவை நமக்கும் நன்றாகத் தெரிந்த பொருள்கள்தான்: கொண்டைக்கடலை, வேர்க்கடலை, சோயா, வாழைக்காய்!

யார் இந்த ஜெஃப்ரி கோர்டன்?

1947-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர் கோர்டன். ஓபர்லின் கல்லூரியில் பட்டம் முடித்து, 1973-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். குடல் நோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்ற பிறகு, செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1981-ல் ஆசிரியராகச் சேர்ந்தார். பெயரைப் பார்த்து இது தலைநகர் வாஷிங்டனில் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். இது மிசௌரி மாநிலத்தில் இருக்கும் பல்கலைக்கழகம். அதன் பிறகு அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை அங்கேதான்.

ஆரம்பத்தில் பாக்டீரியா அவருடைய துறையே இல்லை. குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதிதாக முளைக்கும். 'குடலின் எந்த இடத்தில், எந்த வகை செல் வளர வேண்டும் என்று யார் கட்டளையிடுகிறார்கள்?' என்பதுதான் அவர் ஆராய்ந்த கேள்வி. கட்டளை உடலின் மரபணுவிலிருந்து மட்டும் வருகிறதா அல்லது குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் ஏதாவது சொல்கின்றனவா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது.

அந்தக் காலத்தில் பாக்டீரியா என்றாலே நோய்க்கிருமி என்பதுதான் பெரும்பாலோரின் பார்வை. ஆனால், நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். நம் உடலின் சொந்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான். இந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இருப்பது பெருங்குடலில். இவ்வளவு பெரிய கூட்டம் சும்மாவா குடியிருக்கும்?

கிருமியே இல்லாத எலி!

ஒரு பாக்டீரியா என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், பாக்டீரியாவே இல்லாத ஓர் உடல் வேண்டும். அதற்காக கோர்டன் கையில் எடுத்தது, கிருமியற்ற எலிகளை. இவை காற்றுப் புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்பவை. உள்ளே போகும் காற்று வடிகட்டப்படும். உணவும் தண்ணீரும் கிருமி நீக்கப்படும். ஆராய்ச்சியாளர்கள் வெளியே நின்றபடி, கூடாரத்தோடு ஒட்டிய ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் எலியைத் தொட முடியும். இந்த எலிகளுக்குத் தேவையான பாக்டீரியாவை மட்டும் கொடுத்து, என்ன மாற்றம் வருகிறது என்று பார்க்கலாம்.

1996-ல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வு வியக்கவைத்தது. மனிதக் குடலில் சாதாரணமாக வாழும் 'பாக்டீராய்ட்ஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான்' என்ற ஒரே ஒரு பாக்டீரியாவை எலிக்குக் கொடுத்தார்கள். உடனே எலியின் குடல் செல்கள் தங்கள் மேற்பரப்பில் ஒருவகைச் சர்க்கரையைத் தயாரிக்க ஆரம்பித்தன. அந்தச் சர்க்கரைதான் அந்த பாக்டீரியாவின் உணவு! அதாவது, குடியிருப்பவர் கேட்க, வீட்டுக்காரர் சமைத்துப் போடுகிறார். குடலும் பாக்டீரியாவும் பேசிக்கொள்கின்றன என்பதற்கு இது நல்ல சான்றானது.

2003-ல் அதே பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்தார்கள். தாவர உணவில் இருக்கும் சிக்கலான மாவுப்பொருள்களையும் நார்ச்சத்தையும் உடைக்க அதனிடம் 170-க்கும் மேற்பட்ட நொதிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மனித உடலால் தயாரிக்க முடியாதவை. நாம் சாப்பிடும் கீரை, பயறு, காய்கறியில் நமக்குச் செரிக்காத பகுதியை பாக்டீரியாக்கள் செரித்து, அதில் கிடைக்கும் சத்தில் ஒரு பங்கை நமக்கே தருகின்றன.

உடல் பருமனில் தொடங்கிய புகழ்

கோர்டனை உலகம் முழுக்க அறியவைத்தது உடல் பருமன் ஆராய்ச்சி. 2004-ல் அவருடைய குழு, கிருமியற்ற எலிகளுக்கு சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தது. இரண்டே வாரங்களில் எலிகளின் உடல் கொழுப்பு சுமார் 60 சதவிகிதம் கூடியது. இத்தனைக்கும் அந்த எலிகள் முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டன! சாப்பாட்டிலிருந்து எவ்வளவு சக்தியைப் பிரித்தெடுப்பது என்பதில் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு என்பது தெரிந்தது.

2006-ல் பருமனான எலியின் பாக்டீரியாவை கிருமியற்ற எலிக்கு மாற்றினார்கள். ஒல்லியான எலியின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளைவிட இவற்றுக்குக் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. உலகெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. 'பருமனுக்குக் காரணம் இந்த வகை பாக்டீரியா, அந்த வகை பாக்டீரியா' என்று சுலபமான சூத்திரங்களும் கிளம்பின. ஆனால், மனிதர்களிடம் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தச் சூத்திரங்கள் எல்லோருக்கும் பொருந்தவில்லை. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது என்பது இந்தத் துறைக்குக் கிடைத்த பாடம்.

2013-ல் வெளியான ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. சகோதரிகளில் ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருக்கும் 4 ஜோடி இரட்டையர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் பாக்டீரியாவைத் தனித்தனி எலிகளுக்குக் கொடுத்தார்கள். பருமனானவரின் பாக்டீரியாவைப் பெற்ற எலிக்குக் கொழுப்பு கூடியது. ஆனால், இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது, கொழுப்பு கூடுவது தடுக்கப்பட்டது. காரணம், எலிகள் ஒன்றின் கழிவை மற்றொன்று தின்னும். அந்த வழியில் ஒல்லியானவரின் பாக்டீரியா அடுத்த எலிக்குள் குடியேறிவிட்டது.

இதில்தான் ஒரு திருப்பம். நார்ச்சத்து நிறைந்த, கொழுப்பு குறைந்த உணவு கொடுத்தபோதுதான் இந்தக் குடியேற்றம் நடந்தது. கொழுப்பு அதிகமாகவும் காய், பழம் குறைவாகவும் உள்ள உணவைக் கொடுத்தபோது அந்த பாக்டீரியாவால் தங்க முடியவில்லை. நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் மட்டும் போதாது, அதற்குச் சாப்பாடும் போட வேண்டும்!

ஒரே வீடு, ஒரே சாப்பாடு... ஒரு குழந்தைக்கு மட்டும் நோய்

உணவுக்கும் பாக்டீரியாவுக்கும் இவ்வளவு நெருக்கம் என்றால், உணவே போதாத குழந்தைகளுக்கு என்ன ஆகிறது? கோர்டனின் கவனம் பருமனிலிருந்து பட்டினியின் பக்கம் திரும்பியது.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 317 இரட்டைக் குழந்தை ஜோடிகளை, பிறந்ததிலிருந்து 3 வயதுவரை கோர்டனும் சக மருத்துவர்களும் கண்காணித்தார்கள். அந்த ஜோடிகளில் 43 சதவிகிதத்தில், ஒரு குழந்தைக்கு மட்டும் ஊட்டச்சத்துக் குறைபாடு வந்தது. அதே தாய், அதே வீடு, அதே சாப்பாடு. இன்னொரு குழந்தை நன்றாக இருந்தது!

அவர்கள் குறிப்பாகப் பார்த்தது 'குவாஷியோர்கர்' என்ற நோயை. காலும் முகமும் வீங்கி, வயிறு உப்பி, குழந்தை சோர்ந்துபோகும். இந்தப் பெயர் கானா நாட்டின் 'கா' மொழியிலிருந்து வந்தது. அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது பொருள். தாய்ப்பால் நின்றுபோன குழந்தையைத் தாக்குவதால் இந்தப் பெயர்.

நோயுற்ற குழந்தையின் பாக்டீரியாவை ஓர் எலிக்கும், நன்றாக இருந்த இரட்டைக் குழந்தையின் பாக்டீரியாவை இன்னோர் எலிக்கும் கொடுத்தார்கள். இரண்டுக்கும் மலாவியில் வழக்கமாகச் சாப்பிடும், மக்காச்சோளம் மிகுந்த உணவு. நோயுற்ற குழந்தையின் பாக்டீரியாவைப் பெற்ற எலி வேகமாக எடை இழந்தது. வேர்க்கடலையும் பால் பவுடரும் சேர்ந்த சிகிச்சை உணவைக் கொடுத்ததும் தேறியது. பழைய உணவுக்குத் திரும்பியதும், பாக்டீரியாவிடம் வந்த நல்ல மாற்றங்கள் நிலைக்கவில்லை. மருத்துவமனைகளில் குழந்தைகளிடம் பார்த்ததும் இதைத்தானே!

பாக்டீரியாவுக்கும் வயது உண்டு

அடுத்த கட்டம் பங்களாதேஷ் தலைநகர் டாக்காவில். அங்கே 1960-ல் காலரா ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, இன்று 'ஐ.சி.டி.டி.ஆர்,பி' என்ற பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் உருவானதில் பெரும்பங்கு இந்த நிலையத்துக்கு உண்டு. அங்கே ஊட்டச்சத்து ஆராய்ச்சியை நடத்திவந்த மருத்துவர் தஹ்மீத் அஹமதுவும் கோர்டனும் கைகோத்தார்கள். 2021-ல் அந்த நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் தஹ்மீத் அஹமது.

டாக்காவின் மிர்பூர், ஏழைக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் குடிசைப் பகுதிகளைக் கொண்டது. அங்கே நல்ல ஆரோக்கியத்துடன் வளர்ந்த 50 குழந்தைகளின் மலத்தை, பிறந்ததிலிருந்து 2 வயதுவரை மாதந்தோறும் சேகரித்துப் பரிசோதித்தார்கள். குழந்தை தவழ்ந்து, நடந்து, பேசுவதைப் போல, குடல் பாக்டீரியாக் கூட்டமும் படிப்படியாக வளர்கிறது என்பது அதில் தெரிந்தது. தாய்ப்பால் குடிக்கும்போது சில வகைகள் அதிகம் இருக்கும். கூழும் பருப்பும் சாப்பிட ஆரம்பித்ததும் வேறு வகைகள் வந்து சேரும். 24 வகை பாக்டீரியாக்களைப் பார்த்தாலே, 'இந்தக் குழந்தையின் குடலுக்கு இத்தனை மாத வயது' என்று கணினி கணித்துவிடும்.

பிறகு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளின் குடலைப் பார்த்தார்கள். குழந்தைக்கு வயது கூடியிருந்தது. ஆனால், குடல் பாக்டீரியாக் கூட்டம் அதைவிடச் சின்னக் குழந்தையுடையதைப்போல இருந்தது. சிகிச்சை உணவு கொடுத்த பிறகும் அது முழுமையாக வளரவில்லை. 2014-ல் வெளியான இந்த ஆய்வுதான், 'எல்லாம் கொடுத்தும் ஏன் ஒட்டவில்லை' என்ற கேள்விக்கு ஒரு புதிய பதிலைத் தந்தது. குழந்தைக்குச் சோறு போட்டோம். அதன் வளர்ச்சிக்குத் துணை நிற்கும் பாக்டீரியாக்களுக்கு எதுவும் போடவில்லை!

மிர்பூர் சமையலறையில் தேடல்

அப்படியானால், வளராமல் நிற்கும் பாக்டீரியாக்களுக்குப் பிடித்த உணவு எது? விலை உயர்ந்த மாத்திரையோ, இறக்குமதி பவுடரோ அந்தக் குடும்பங்களுக்கு உதவாது. உள்ளூர்க் கடையில் கிடைக்க வேண்டும், அம்மாக்களுக்குப் பழகியதாக இருக்க வேண்டும், குழந்தை துப்பாமல் சாப்பிட வேண்டும்.

அதனால், மிர்பூரில் குழந்தைகளுக்கு வழக்கமாக ஊட்டும் உணவுப் பொருள்களையே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகளின் பாக்டீரியாக்கள் குடியேறிய எலிகளிடமும், பின்னர் பன்றிக்குட்டிகளிடமும் சோதித்தார்கள். எந்தெந்தப் பொருள், எந்தெந்த பாக்டீரியாவை வளர்க்கிறது என்று பட்டியலிட்டார்கள். அதிலிருந்து உருவான கலவைகளை 63 குழந்தைகளுக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான இந்த முடிவுகளில் ஒரு கலவை முந்தியது. கொண்டைக்கடலை மாவு, வேர்க்கடலை, சோயா மாவு, வாழைக்காய் ஆகியவற்றோடு சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்-தாதுக்கள் சேர்ந்த 'எம்.டி.சி.எஃப்-2' என்ற கலவைதான் அது.

123 குழந்தைகள், 3 மாதங்கள்

அடுத்து, பெரிய பரீட்சை. மிர்பூரில் 12 முதல் 18 மாத வயதுள்ள, மிதமான ஊட்டச்சத்துக் குறைபாடு கொண்ட 123 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு புதிய கலவை. இன்னொரு பிரிவுக்கு, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள வகையைச் சேர்ந்த, அரிசி, பருப்பு, பால் பவுடர் சேர்ந்த துணை உணவு. நாளைக்கு இரு வேளை, 25 கிராம் வீதம், 3 மாதங்கள்.

புதிய கலவையில் கலோரி குறைவு. 50 கிராமுக்கு 204 கலோரிதான். பழைய உணவில் 247. கணக்குப்படி பழைய உணவு சாப்பிட்ட குழந்தைகளுக்குத்தான் எடை அதிகம் ஏறியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு! உயரத்துக்கேற்ற எடை கூடும் வேகம், புதிய கலவையைச் சாப்பிட்ட குழந்தைகளிடம் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. 2021-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

எடையோடு நிற்கவில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த 70 புரதங்களின் அளவிலும் மாற்றம் தெரிந்தது. எலும்பு வளர்ச்சி, நரம்பு வளர்ச்சியோடு தொடர்புள்ள புரதங்கள் கூடின. எடை கூடுவதோடு தொடர்புள்ள 21 வகை பாக்டீரியாக்களும் பெருகின.

அதேநேரம், இது மந்திர உணவு அல்ல. அந்த 3 மாதங்களில் உயர வளர்ச்சியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஊரின் நூற்றுச்சொச்சம் குழந்தைகளிடம் கிடைத்த முடிவு, எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிடவும் முடியாது.

இந்தக் கலவை எப்படி வேலை செய்கிறது என்பதையும் கோர்டன் குழு தொடர்ந்து தேடியது. கடலை, சோயா, வாழைக்காய் போன்றவற்றின் செல் சுவரில் உள்ள சிக்கலான சர்க்கரைச் சங்கிலிகளை 'பிரிவோடெல்லா கோப்ரி' என்ற பாக்டீரியாவின் சில வகைகள் உடைத்துப் பயன்படுத்துகின்றன, அந்த வகைகளுக்கும் குழந்தையின் எடை கூடுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று 2024-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு சொன்னது.

இந்தப் பணிகளுக்காக கோர்டனுக்கு 2018-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம், 2021-ல் பால்சான் பரிசு, 2023-ல் ஸ்பெயினின் அஸ்துரியாஸ் இளவரசி விருது எனக் கௌரவங்கள் குவிந்தன. அவருடைய ஆய்வகத்தில் பயின்ற பலர், இன்று உலகின் முன்னணிக் குடல் நுண்ணுயிர் விஞ்ஞானிகள்.

நாம் கவனிக்க வேண்டியவை

இந்த ஆராய்ச்சி நமக்குத் தூரத்து விஷயமல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 19.3 சதவிகிதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் இவை முறையே 25 மற்றும் 14.6 சதவிகிதம்.

* முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் நிறைய உண்டு. அவை குழந்தையின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கான உணவு.

* 6 மாதங்களுக்குப் பிறகு, தாய்ப்பாலோடு இணை உணவு. வெறும் அரிசிக் கஞ்சியோடு நிறுத்தாமல் பருப்பு, பயறு, காய், கீரை, பழம் என்று மெள்ள மெள்ளப் பழக்கலாம்.

* சின்னக் குழந்தைகளுக்குக் கடலையை முழுதாகக் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அரைத்தோ, மாவாக்கியோதான் கொடுக்க வேண்டும்.

* சளி, காய்ச்சலுக்கெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம். நோய்க்கிருமியோடு நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும்.

* குழந்தையின் எடை பல மாதங்களாக ஏறவில்லை, மெலிந்துகொண்டே போகிறது, கால் வீங்குகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். டாக்காவில் கொடுத்தது மருத்துவர்களின் கண்காணிப்பில், அளவோடு தயாரித்த உணவு. நாமே கொண்டைக்கடலையும் வாழைக்காயும் அரைத்துக் கொடுப்பது அந்தச் சிகிச்சை ஆகாது.

* அங்கன்வாடியிலோ, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடையும் உயரமும் அளந்து, வளர்ச்சி அட்டையில் குறித்துக்கொள்வது நல்லது. வளர்ச்சி எப்போது தடைப்பட்டது என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.

'ஒட்டவில்லை' என்றால், இதுவரை இன்னும் ஒரு வாய் சேர்த்து ஊட்டுவதுதான் நமக்குத் தெரிந்த வழி. எவ்வளவு ஊட்டுகிறோம் என்பதோடு, எதை ஊட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், அந்தச் சின்ன வயிற்றுக்குள் பசியோடு காத்திருப்பவர்கள் லட்சக்கணக்கான கோடிப் பேர்!